பொறுப்பு மாறவில்லை

எங்கள் முதலாளி சென்னியப்பனிடம் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்தவர் யாரும் கிடையாது. நான் இருபத்திரண்டு வருஷம் முயற்சி செய்து பார்த்தவன். ஆரம்பத்தை நாம் சொன்னால் போதும், மீதியை அவரே போட்டுக்கொள்வார், அதுவும் தப்பாக. "மொதலாளி, லாரி..." என்பேன். "வந்துருச்சா, நிக்கச் சொல்லு" என்பார். லாரி பவானி தாண்டிப் பள்ளத்தில் கிடக்கிறது என்று சொல்லத்தான் நான் போயிருப்பேன். சாயங்காலம் விஷயம் தெரிந்ததும், ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று எனக்குத் திட்டு விழும்.

அதனால் பெருந்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வெண்பனி ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் இருநூற்றுப் பதினாலு பேரும் அரை வாக்கியத்திலேயே பேசப் பழகிவிட்டோம். பாதி சொல்லிவிட்டு நிறுத்துவோம், அவர் ஏதாவது சொல்வார், தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். வீட்டிலும் இது தொற்றிக்கொண்டது. என் மனைவி இரண்டு தடவை என்னை டாக்டரிடம் காட்டினாள்.

நான் குப்புராஜ். உத்தியோகம் பாதுகாப்பு அதிகாரி. என்ன பாதுகாத்தேன் என்று கேட்டால், பதிவேடுகளை ஈரம் படாமல் பாதுகாத்தேன்.

அந்த வருஷம்தான் புதுச் சட்டம் வந்தது. நூறு பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் கதவு, வால்வு, மின்விசை, போன் எல்லாவற்றையும் அவசரக் கட்டளை முறை ஒன்றில் இணைத்தாக வேண்டும். ஆபத்து என்று மணி அடித்துவிட்டால் அந்தக் கட்டடம் ஒரே ஒரு மனிதரின் குரலுக்குத்தான் கட்டுப்படும். மற்றவர்கள் சொன்னால் ஒரு பல்புகூட அணையாது. இதைப் பொருத்த சென்னையிலிருந்து ஜெஸிந்தா என்ற இன்ஜினியர் வந்திருந்தாள். முதலாளியின் அறையில் உட்கார்ந்து விளக்கினாள், அல்லது விளக்கப் பார்த்தாள்.

"முதல்ல எடத்துக்கு வந்து மஞ்சள் பட்டனை அழுத்துறவர்தான் சார் தலைமை. அவர் யாரா இருந்தாலும்..."

"அது நாந்தான்."

"நீங்க பக்கத்துல இல்லாட்டி, அப்புறமா வந்து பொறுப்பை வாங்கிக்கலாம் சார். அதுக்கு ஒரு முறை இருக்கு. இருக்கறவர் நாலு விஷயம் வரிசையாச் சொல்லணும். என்ன நடந்துச்சு, என்ன செஞ்சாச்சு, யார் எங்க இருக்காங்க, இன்னும் என்ன வேணும். வாங்கிக்கறவர் குறுக்கே பேசாமக் கேட்டுட்டு அதைத் திருப்பிச் சொல்லணும். நடுவுல ஒரு வார்த்தை பேசினாக்கூட மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும். ஏன்னா சார், பாதியைக் கேட்டுட்டு உத்தரவு போடறதாலதான் சின்ன விபத்தெல்லாம்..."

"தெரியும், தெரியும். கையெழுத்து எங்க போடோணும் அம்மிணி?"

ஜெஸிந்தா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அடுத்து யாருக்கு எந்தப் பொறுப்பு என்று ஒரு கட்டப்படம் நிரப்பவேண்டி இருந்தது. தலைமை, செயல், திட்டம், பொருள், தகவல் என்று ஐந்து கட்டம். ஐந்திலும் சென்னியப்பன் என்று எழுதினார். இயந்திரம் ஒரு தலைக்கு ஒரு வேலைதான் என்று திருப்பி அனுப்பியது. வேண்டாவெறுப்பாகத் தகவல் கட்டத்தில் என் பெயரைப் போட்டார். மீதி மூன்றைக் காலியாக விட்டார்.

சட்டப்படி மாதம் ஒரு ஒத்திகை உண்டு. சங்கு ஊதியதும் எல்லாரும் சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடி, அங்கே இருக்கும் பெட்டியில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். முதல் ஒத்திகையில் நாற்பது நிமிஷ உற்பத்தி போனது. முதலாளிக்கு மனசு கேட்கவில்லை. எல்லாருக்கும் இன்னொரு அட்டை அடித்து, இருநூற்றுப் பதினாலையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு வாட்ச்மேனிடம் கொடுக்கச் சொன்னார். அதற்கப்புறம் சங்கு ஊதினால் வாட்ச்மேன் மட்டும் பையோடு போய் எல்லா அட்டையையும் காட்டிவிட்டு வருவார். ஒன்றரை நிமிஷத்தில் அத்தனை பேரும் பத்திரம். மாவட்டத்திலேயே வேகமான தொழிற்சாலை என்று பாராட்டுக் கடிதம் வந்தது. பையைத் தைக்கக் கொடுத்தவன் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டளை முறையின் குரல் பெண் குரல், செய்தி வாசிக்கிற தமிழ். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணையும் கூப்பிடுகிற அம்மிணி என்ற பெயரையே எங்கள் ஆட்கள் அதற்கும் வைத்துவிட்டார்கள்.

ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, எல்லாரும் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, இரண்டாம் நம்பர் குளிர் அறைக்கு வெளியே அம்மோனியா வால்வு பிய்த்துக்கொண்டது. அந்த நேரத்தில் பின்பக்கம் லாரி நிற்கும் முற்றத்தில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவர் துளசிமணி ஒருவர்தான். வாசனை மூக்கில் ஏறியதும் சுவரில் இருந்த மஞ்சள் பட்டனை அழுத்தினார். கட்டடம் அவர் கைக்குப் போனது.

துளசிமணி கெட்டிக்காரி, பதற்றமே கிடையாது. ஒரே ஒரு குறை, எதையும் முதலிலிருந்துதான் சொல்வார். மணி என்ன என்று கேட்டால் கடிகாரம் வாங்கப் போன கதையிலிருந்து ஆரம்பிப்பார். அவரையும் முதலாளியையும் பத்து வருஷமாக நாங்கள் ஒரே அறையில் விட்டதில்லை.

தகவல் பொறுப்பு என்னுடையது என்பதால், என் காதில் மாட்டியிருந்த போனில் அவர் குரல் வந்தது. அவர் சொன்னதில் கதையைக் கழித்துவிட்டால் விஷயம் இது. கம்ப்ரசரை நிறுத்தியாகிவிட்டது, காற்றை வெளியேற்றும் விசிறிகள் ஓடுகின்றன, தீயணைப்புக்குச் சொல்லியாகிவிட்டது, அவர்கள் வர அரை மணி ஆகும். குளிர் அறைக்குள், மெஷின் பழுது பார்க்கிற பிட்டர் அர்ச்சுனன் மாட்டிக்கொண்டிருக்கிறார். நடைபாதைப் பக்க வாசலில் அவருடைய ரப்பர் செருப்பு கிடப்பது தூரத்திலிருந்தே தெரிகிறது, வார் அறுந்து ஊக்கு குத்தின செருப்பு. உள்ளேயிருந்து ஸ்பேனரால் தட்டுகிறார், துளசிமணி வெளியிலிருந்து பதில் தட்டுகிறார். உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. வால்வுக்குப் போகிற குழாயை உள்பக்கம் கட்டுவது ஐந்து நிமிஷ வேலை என்று கோட்டுகூடப் போடாமல் போயிருந்தார்.

அந்த அறைக்கு இரண்டு கதவு. ஒன்று வால்வு வெடித்த நடைபாதையில், அங்கே நிறைய கேஸ். இன்னொன்று முற்றத்துப் பக்கம். அதை ஒட்டிக் கன்டெய்னர் லாரி பின்புறத்தை வைத்து நின்றது. வெளிநாட்டுக்குப் போகிற ஆறு டன் குல்ஃபி அதில் ஏறி, வழியை அடைத்துக்கொண்டிருந்தது. லாரியை நாலடி முன்னால் நகர்த்தினால் அர்ச்சுனன் வெளியே வந்துவிடலாம். நகர்த்தச் சாவி வேண்டும். டிரைவர்கள் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார்கள் என்று லாரிச் சாவியை முதலாளி எப்போதும் தன் சட்டைப் பையில்தான் வைத்திருப்பார்.

"அண்ணா, மொதலாளிகிட்டச் சாவி வாங்கி அனுப்புங்க" என்றார் துளசிமணி. இவ்வளவுதான் எனக்குக் கொடுத்த வேலை.

முன் ஆபீஸ் ஹாலில் முதலாளி கொதித்துக்கொண்டிருந்தார். உற்பத்தி நின்றுவிட்டது, மெஷினில் இருக்கிற கலவை கெட்டுவிடும், கன்டெய்னர் மதியம் கிளம்ப வேண்டும். சுவரில் இருந்த திரையில் இருநூற்றுப் பதினாலு பேரும் பத்திரம் என்று பச்சையாகக் காட்டியது. வாட்ச்மேன் கடமை தவறாமல் பையைக் கொண்டுபோயிருந்தார். அப்புறம் எதற்கு இந்த ஆர்ப்பாட்டம், கம்ப்ரசரைப் போடு என்று அம்மிணியைப் பார்த்துக் கத்தினார். போட்டிருந்தால் உடைந்த வால்வு வழியாக இருக்கிற கேஸ் முழுக்க அர்ச்சுனன் பக்கம் பாய்ந்திருக்கும். நல்லவேளை, அம்மிணி அவரை மதிக்கவில்லை.

நான் கிட்டே போனேன்.

"மொதலாளி, அர்ச்சுனன்..."

"அவனைக் கூப்புட்டுக் கம்ப்ரசரைப் போடச் சொல்லு."

"மொதலாளி, லாரிச் சாவி..."

"பத்தரமா எங்கிட்டத்தான் இருக்குது." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

கத்திச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். என் பெண்ணும் அதைத்தான் கேட்டாள். வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். வழக்கமான இடம் வந்ததும் நாக்கு தானாக நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருஷம் ஒரே இடத்தில் நின்ற வண்டி அதைத் தாண்டி ஓடவில்லை. ஒரு உயிர் உள்ளே தட்டிக்கொண்டிருக்கும்போது நான் தலையாட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

"பொறுப்பை நான் வாங்கிக்கறேன்" என்றார் முதலாளி.

"தற்போதைய தலைவரின் அறிக்கை தொடங்குகிறது" என்றாள் அம்மிணி. ஸ்பீக்கரில் துளசிமணி வந்தார்.

"ஆடிப் பதினெட்டுக்கு மறுநாளுங்க. அன்னைக்கு எனக்கு மதியத்துக்குத் தக்காளிச் சோறுங்க..."

"சோத்துக் கதையெல்லாம் இப்ப எதுக்கு?"

"குறுக்கீடு. பொறுப்பு மாறவில்லை. அறிக்கை முதலிலிருந்து."

இரண்டாம் தடவை துளசிமணியே குறுக்கு வழி பார்த்தார். "மொதல்ல அந்தச் சாவியை..." என்று ஆரம்பித்தார். அம்மிணி விடவில்லை. தேவை என்பது நாலாவது, முதலில் நடந்ததைச் சொல்லவும் என்று குரலை வெட்டிவிட்டாள். இயந்திரத்துக்கும் ஒரு பிடிவாதம் இருந்தது, அன்றைக்கு அது இரண்டு பக்கமும் வெட்டியது.

மூன்றாம் தடவை முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"ஆடிப் பதினெட்டுக்கு மறுநாளுங்க. எனக்குத் தக்காளிச் சோறுங்க. அர்ச்சுனண்ணன் டிபன் பாக்ஸைத் தொறக்காமயே உக்காந்திருந்தாருங்க. ஏனுங்ணா சாப்புடலையான்னு கேட்டனுங்க. ரெண்டாம் நம்பர் வால்வுல கசியுது அம்மிணி, மொதலாளிகிட்டப் போயி வால்வுன்னு ஆரம்பிச்சேன், மாத்தியாச்சுல்ல போன்னுட்டாருன்னு..."

"நான் எப்ப அப்புடிச் சொன்னேன்?"

"குறுக்கீடு. பொறுப்பு மாறவில்லை. அறிக்கை முதலிலிருந்து."

நாலாவது தடவை தக்காளிச் சோற்றைத் தாண்டும்போது அவர் போன் அடித்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர். "அப்பறம்" என்று அதனிடம் சொன்னார். அதுவும் குறுக்கீடு.

மணி பதினொன்று இருபத்தொன்று. என் காதில் துளசிமணி தனியாகச் சொன்னார், தட்டுவது மெதுவாகிறது என்று. "அண்ணா, கேட்டீங்களா இல்லையா?" என்றார்.

முதலாளியின் சட்டைப் பையில் கைவிட எனக்கு அப்போதும் துணிவு வரவில்லை. என் வீரம் துண்டு வரைதான் போயிற்று. அவர் தோளில் கிடந்த துண்டை உருவினேன். சுருட்டி அவர் கையில் கொடுத்தேன். பிறகு என் வாயைத் திறந்து விரலால் காட்டினேன். பேசவில்லை என்பதால் அவரால் குறுக்கிட முடியவில்லை. என்னை முறைத்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

"ஆடிப் பதினெட்டுக்கு மறுநாளுங்க" என்றார் துளசிமணி.

தக்காளிச் சோறு வந்தது. துண்டு அசைந்தது. அர்ச்சுனன் மூன்று தரம் முதலாளியிடம் போன கதை வந்தது. மூன்று தரமும் வால்வு என்ற சொல்லோடு திரும்பிய கதை வந்தது. இன்றைக்கு டீயைக்கூட விட்டுவிட்டு, தானே கட்டிப் பார்க்கலாம் என்று போன கதை வந்தது. முதலாளியின் கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் செய்தது. அப்புறம் யார் எங்கே.

"எல்லாரும் வெளிய இருக்கறாங்கன்னு பொட்டி சொல்லுதுங்க. அட்டைதானுங்க வெளிய இருக்குது. அர்ச்சுனண்ணன் உள்ள இருக்கறாருங்க. தட்டுனாரு, இப்பச் சித்த நேரமாத் தட்டலைங்க. இனி வேணும்கறது ஒண்ணே ஒண்ணுதானுங்க. உங்க பையில இருக்கற லாரிச் சாவி."

துண்டு கீழே விழுந்தது.

"அறிக்கை முடிந்தது" என்றாள் அம்மிணி. "கேட்டதைத் திருப்பிச் சொல்லி, பொறுப்பை ஏற்கவும்."

இத்தனை நேரம் இதற்காகத்தான் குதித்தார். இப்போது பொறுப்பைக் கேட்கவில்லை. சாவியைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு, லேபிள் ஒட்டுகிற பெண்ணிடம் கேட்டார்.

"நான் இப்ப என்ன பண்ணோணும் அம்மிணி?"

"ஓடியாங்க மொதலாளி. வாசல் வழியா வராதீங்க, கேஸ். காம்பவுண்டைச் சுத்தி ஓடியாங்க."

ஐம்பத்தெட்டு வயசு, சர்க்கரை, வேட்டி. மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன், எட்டிப் பிடிக்க முடியவில்லை. சைக்கிள் ஸ்டாண்டைக் கடக்கும்போது வாட்ச்மேன் மஞ்சப்பையோடு எழுந்து சல்யூட் அடித்தார்.

லாரியை முதலாளியே ஏறி நகர்த்தினார். நாலடி நகர்த்தச் சொன்னதற்கு நாற்பதடி நகர்த்தி, மதில்மேல் இடித்து நிறுத்தினார். பின்கதவு திறந்து முற்றமெங்கும் குல்ஃபி சிதறியது. அதை மிதித்துக்கொண்டு இரண்டு பேர் உள்ளே போய் அர்ச்சுனனைத் தூக்கி வந்தார்கள். மீசையில் உறைபனி, உதடு நீலம், கையில் ஸ்பேனர் ஒட்டிக்கொண்டிருந்தது. துளசிமணி சாக்கைப் போர்த்தி, உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பத்து நிமிஷம் கழித்து அர்ச்சுனன் கண்ணைத் திறந்தார். எதிரே முதலாளியைப் பார்த்தார்.

"மொதலாளி, அந்த வால்வு..." என்றார். நிறுத்தினார்.

முதலாளி மீதியைப் போடவில்லை.

அர்ச்சுனன் காத்திருந்தார். நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம்.

"சொல்லு" என்றார் முதலாளி.

அர்ச்சுனன் திருதிருவென்று விழித்தார். அதற்கப்புறம் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த இடத்தைத் தாண்டி அவர் போனதேயில்லை. முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு, உடைந்த குல்ஃபிப் பெட்டிகளைப் பொறுக்க ஆரம்பித்தார். அவர் அழுதார் என்று சிலர் சொல்கிறார்கள். ஓடி வந்த வேர்வையாகவும் இருக்கலாம், நான் கிட்டே போய்ப் பார்க்கவில்லை.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, ஏனென்றால் அவசரநிலை முடியவில்லை. முடிந்தது என்று தலைமை சொல்ல வேண்டும், சொல்வதற்கு முன் நாலாவது கட்டம், அதாவது இன்னும் என்ன வேண்டும் என்பது, காலியாக இருக்க வேண்டும். துளசிமணியோ எதையும் முதலிலிருந்து பார்க்கிறவர். வால்வு மாற்றியாகிவிட்டது. மஞ்சப்பையை எரித்தாகிவிட்டது, இப்போது சங்கு ஊதினால் உடம்போடு ஓடுகிறோம். அப்புறம் பிரித்தே பார்க்காத சுவாச முகமூடிகள் என் பீரோவிலிருந்து வெளியே வந்தன. அப்புறம் பேக்கிங் பெண்களின் கழிப்பறைக்கு மூன்று வருஷமாக இல்லாத தாழ்ப்பாள். ஒன்று முடிந்தால் அவருக்கு இன்னொன்று ஞாபகம் வருகிறது. ஜெஸிந்தா சென்னையிலிருந்து போன் செய்து, உங்கள் தொழிற்சாலையில் மூன்று மாதமாக ஆபத்து நீடிக்கிறதே என்று கவலைப்பட்டாள். இல்லை, இப்போதுதான் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றேன்.

காலியாக இருந்த கட்டங்களும் நிரம்பிவிட்டன. செயல் கட்டத்தில் அர்ச்சுனன். மருத்துவமனையிலிருந்து திரும்பியவர் இப்போது முழு வாக்கியமாகப் பேசிப் பழகுகிறார், கொஞ்சம் திக்குகிறது. துளசிமணி இன்னமும் லேபிள் ஒட்டுகிறார், இடையிடையே கட்டடத்தை ஆள்கிறார்.

முதலாளி தினமும் காலை ஒன்பதுக்குப் பொறுப்பை வாங்கிக்கொள்ள வருகிறார். ஸ்பீக்கருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருவார். துளசிமணி ஆடிப் பதினெட்டிலிருந்து ஆரம்பிப்பார், முக்கால் மணி நேரம் போகும். முதல் வாரம் துண்டு தேவைப்பட்டது. பிறகு வெறும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இப்போது அதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார், தக்காளிச் சோறு வரும்போது உதடு கூடவே அசைகிறது.

நேற்று தொண்ணூற்றாறாவது நாள். துளசிமணி முதல் மூன்றையும் சொல்லி, நாலாவதுக்கும் வந்துவிட்டார். முதலாளி ஒரு இருமல்கூட இருமவில்லை. இன்றைக்கு வாங்கிவிடுவார் என்று எனக்குத் திக்கென்றது. எனக்கு மட்டுமில்லை, கதவோரம் நின்ற அர்ச்சுனனுக்கும் முகம் செத்துப்போயிற்று.

"கடைசியா ஒண்ணே ஒண்ணுதானுங்க மொதலாளி, கேன்டீன் படியில ஒரு லைட்டு..."

"அதெல்லாம் எனக்குத் தெரியும் அம்மிணி" என்றார் முதலாளி, கண்ணைத் திறக்காமலே.

"குறுக்கீடு. பொறுப்பு மாறவில்லை" என்றாள் அம்மிணி.

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பினார். கேன்டீன் படியில் லைட் இல்லாதது, ராத்திரியில் அந்தப் பக்கமே வராத அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. நான் பின்னாலேயே போனேன்.

"மொதலாளி, நீங்க வேணும்னேதான்..."

"ஆமா" என்றார்.

இருபத்திரண்டு வருஷத்தில் என் வாக்கியத்தை அவர் சரியாக முடித்தது அன்றைக்குத்தான்.